வாசகர் வட்டத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி: அக்காவின் டிப்ஸ்

கண்ணு, எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளைச் சேர்த்து நூலகத்தில் வாசகர் வட்டம் ஆரம்பிக்கப் போறேன், முதல் புத்தகம் உயிர் பிழைக்கிற கதையா இருக்கணும்னு சொன்னாய். நல்ல யோசனை. அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு இருந்தால்தான் அந்த வயசுக்குப் பக்கம் ஓடும். அதுக்காகத் தீவையும் கப்பலையும் தேடிப் போகாதே. மழை பொய்த்த மேட்டாங்காட்டில் ஒரு குட்டி ஆடு எப்படி உயிரைப் பிடித்துக்கொள்கிறது என்று நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெருமாள்முருகனே எழுதியிருக்கிறார். ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’, 2016-ல் வந்தது. அதையே எடு.

வேறு புத்தகமும் பலர் சொல்வார்கள். பூமணியின் ‘வெக்கை’ (1982) பதினைந்து வயசுப் பையன் ஒரு கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிற கதை. அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்ததுகள் கதை தெரியும் என்று ஆரம்பத்திலேயே கையைத் தூக்கும்; ஆனால் படம் வேறு, நாவல் வேறு. அதைப் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்களுக்கு வை. பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ தமிழிலும் கிடைக்கிறது. பாலைவனத்தில் சிக்கியவனின் தனிமை அதில் கடுமையாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எந்தப் புத்தகமானாலும் முதலில் நீ முழுசாகப் படி. பூனாச்சியிலும் ஆடுகள் சேர்வது, விதையடிப்பது, பலி எல்லாம் வருகிறது. பட்டியில் வளர்ந்த பிள்ளைக்கு இது புதுசு இல்லை. அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையின் அம்மா போன் பண்ணிக் கேட்கலாம். அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடு. இவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பு ஞாபகம் இருப்பவர்கள் ஆசிரியர் பெயரைக் கேட்டதுமே தயங்குவார்கள். மழுப்பாதே. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது, அதன் பிறகு வெளிவந்த நாவல்தான் இது என்று நேராகச் சொல். மனுசரைப் பற்றி எழுதப் பயந்து ஆட்டைப் பற்றி எழுதினேன் என்கிற மாதிரி அவர் முன்னுரையிலேயே சொல்கிறார். அந்த முன்னுரையைப் பிள்ளைகளிடம் கடைசிக் கூட்டத்தில் கொடு. முதலிலேயே கொடுத்தால் கதையை விட்டுவிட்டு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இனி நடத்துகிற விதம். ‘கதை என்ன?’ என்று கேட்காதே, பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஆளுக்கொரு இருப்பு நோட்டுப் போடச் சொல். தீவனம், தண்ணி, காசு, ஆட்டு உருப்படி என்று நாலு கட்டம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் குட்டியை வளர்க்கிற கிழவன் கிழவி வீட்டில் என்ன மிச்சம் இருக்கு என்று எழுதணும். உயிர் பிழைக்கிற கதை எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 1719-ல் வந்த ராபின்சன் குரூசோவும் உடைந்த கப்பலிலிருந்து எடுத்து வந்ததை எண்ணி வைத்துத்தான் பிழைக்கிறான். கட்டம் காலியாக ஆக, கூட்டத்தில் பேச்சு தானாகச் சூடு பிடிக்கும். எதை முதலில் விற்கணும், எதை விற்கவே கூடாது என்று சண்டையே வரும். வரட்டும்.

குட்டிக்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் சேர்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற பகுதியை மட்டும் சத்தமாக வாசிக்க வை. அதிகாரியின் குரலை ஒரு பிள்ளை, பயந்து நிற்பவரின் குரலை இன்னொன்று. வாசித்து முடித்ததும் நீ எதுவும் விளக்காதே. ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் தாங்கள் நின்ற வரிசையை அவர்களே சொல்வார்கள்.

ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையை அன்றைக்கு ஆசிரியராக்கு. தாய் சேர்த்துக்கொள்ளாத குட்டிக்கு எப்படிப் பால் புகட்டுவது, வெள்வேலங்காய் உதிர்கிற காலம் எது, எந்தத் தழையை ஆடு மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கும், இதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இங்கே பேசும், பார். ஆனால் யாரையும் ‘உங்க வீட்டுக் கஷ்டத்தைச் சொல்’ என்று எழுப்பி நிறுத்தாதே. தானாக வந்தால் கேட்டுக்கொள்.

வீட்டுக்கு ஒரு வேலை கொடு. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அத்தனையையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்போது இந்தப் பிள்ளைகள் குழந்தைகள். அந்த வருசம் போர் எத்தனை அடி இறங்கியது, ரிக் வண்டிக்கு யாரிடம் கடன் வாங்கினார்கள், மாட்டை எந்தச் சந்தையில் விற்றார்கள் என்று தாத்தா, ஆத்தாவிடம் கேட்டு வரட்டும். 1876–78 தாது வருசப் பஞ்சம் சேலம் ஜில்லாவைப் படுத்திய பாட்டையும் அப்போது சொல்லு.

பத்தாவது பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு இழுக்காதே. மே மாதம் தோது. ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் மாற்றி மாற்றி வாசிக்கலாம். வாட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப் மட்டும் வேண்டாம், எழுதினவருக்கு அதில் ஒரு பைசா போகாது. கடைசிப் பக்கங்களை யாரும் வீட்டில் தனியாகப் படித்துவிடாமல் சேர்ந்தே முடியுங்கள். பேச்சுக்கு அன்று நேரம் தாராளமாக ஒதுக்கி வை.

‘ஆட்டைப் பார்த்தோம், ஆட்டை மேய்க்கிற பையன் கதி என்ன?’ என்று யாராவது கேட்டால் அடுத்த புத்தகம் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களின் கதை அது. காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும் பண்ணையத்தாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதுக்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு, சேர்ந்து யோசிக்கலாம்.