சோலைக்காடு: ஓர் உயிர்க் கருவூலம்

நம் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஏலக்காய் மணக்காத நாளில்லை. அந்த ஏலம் எங்கே பிறந்தது தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், மர நிழலில் தானே முளைத்துத் தழைத்த செடி அது. அக்காடுகளைப் பற்றி நான் கற்றதை இங்கே தருகிறேன்.

குரங்கணியிலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலுள்ள கொழுக்குமலைக்கு ஏறினால், ஒரே மலையில் பலவகைக் காடுகளைக் காணலாம். அடிவாரத்தில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். உச்சியில் மேடுகளில் புல்வெளி, நீரோடும் பள்ளங்களில் சோலைக்காடு. மழை, உயரம், மண்ணின் ஈரம் ஆகியவையே எந்த உயிர் எங்கே வாழும் என்பதை முடிவு செய்கின்றன.

பசுமைமாறாக் காட்டில் நெடுமரம், குறுமரம், புதர், பாசி என அடுக்கடுக்காக உயிர்கள் உள்ளன. அடுக்குதோறும் ஒளியும் ஈரமும் வேறுபடுவதால் உயிரினங்களும் வேறுபடுகின்றன. கருமந்தி தளிர் தின்கிறது. இருவாச்சி பழம் தின்று விதை பரப்புகிறது.

இக்காடுகள் மிகப் பழைய உயிர்களையும் காத்து வைத்துள்ளன. மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஊதாத் தவளைக்கு 2003-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்களே வெளிவரும் தவளை இது. இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலிலுள்ள சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன! அத்தீவுகளும் நம் நாடும் பண்டைக் காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்ததற்கு இத்தவளை ஒரு சாட்சி. 2017-இல் இதன் இன்னோர் இனம் திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. மலையின் இருபுறமும் தட்பவெப்பம் வேறுபட்டதால், ஒரே குலம் காலப்போக்கில் இரண்டாகப் பிரிந்தது என அறிஞர் கருதுகின்றனர்.

2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் மூண்ட தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போது நான் சிறுமி. இரவில் மலை சிவந்து தெரிந்ததைப் பாட்டி இன்றும் சொல்லிக் கண் கலங்குவார். காய்ந்த புல்லில் தீ விரைந்து ஓடும். ஈரமான சோலைக்குள் எளிதில் நுழையாது. ஆனால் சோலையின் ஓரம் அடிக்கடி கருகினால் சோலை சிறிது சிறிதாகச் சுருங்கிவிடும். நிழல் மரங்களை வெட்டினாலும் கேடுதான். நிழலின்றி ஏலம் வாடும்.

தோழியரே, வெட்டிய இடத்தில் புதுக்கன்று நடலாம். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஓர் உயிரினம் அழிந்தால் அதை யாரால் நட முடியும்? மலைக்குச் செல்லும்போது தீக்குச்சியைக் கொண்டு செல்லாதிருப்போம். நமக்குச் சோறிடும் சோலையைக் காப்போம்!