சிவப்பு வில்லை

சுந்தரர் பிறந்த திருநாவலூர், சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலைக்கு அண்மையில் உள்ளது. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவருக்கு இத்தகைய விரைவுச் சாலையும் வழியில் குறுக்கிடலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் அத்தொலைவோ அதனினும் மிகுதியோ கழிந்துவிடும். ஆதலின் மிதிவண்டி தொலைவிலேயே அவர் கண்ணிற் படவேண்டும்.

பொழுது சாய்ந்தபின் அதற்கு உதவுவது, பின்சக்கரத்தின் மேலுள்ள தகட்டில் பொருத்திய சிவப்பு வில்லை. தனக்கென ஒளியற்ற அது, முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. சேறு படிந்தால் அவ்வாற்றல் குன்றும். வண்டியை நாள்தோறும் துடைப்பவரும் இதனை மறப்பதுண்டு. சாலையைக் கடக்கையில் வில்லையும் உதவாது. அதன் ஒளி பின்னால் வருவோருக்கே தெரியும். அவ்விடத்தில் இறங்கி, இருபுறமும் நோக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடத்தலே தக்கது.