மாட்டின் முதுகில் எழும் புழுக்கட்டி

இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில், சிறப்பாகப் பஞ்சாபிலும் இராஜஸ்தானத்திலும், குளிர்காலத்தில் மாடுகளின் முதுகில் நெல்லிக்காய் அளவான கட்டிகள் எழுவதுண்டு. ஒவ்வொரு கட்டியின் உச்சியிலும் ஒரு சிறு துளை காணப்படும். அதனுள் வாழ்வது ஹைப்போடெர்மா லினியேட்டம் என்னும் ஈயின் புழுவாகும். கட்டி தோன்றும்போதே நோய் தொடங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், புழு உடலினுட் புகுந்து அப்போது பல மாதங்கள் கழிந்திருக்கும்.

ஈயின் வாழ்க்கை

வளர்ந்த ஈ மயிரடர்ந்தது. தேனீயை ஒத்த தோற்றமுடையது. அது உணவு கொள்வதில்லை; சில நாட்களே உயிர்வாழும். பெண் ஈ மாட்டின் கால் மயிர்களில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கின்றது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளிவரும் நுண்புழு, தோலைத் துளைத்து உட்சென்று, உணவுக்குழலின் சுவரை அடைந்து அங்குச் சில மாதங்கள் தங்குகின்றது. பின்னர் முதுகுத் தோலின் அடியிற் சேர்ந்து, மூச்சுவிடத் துளையிடுகின்றது. முதிர்ந்த புழு துளை வழியே நிலத்தில் விழுந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிப்படும். இச்சுற்று நிறைவேற ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

விளையும் தீங்கு

மாடு மெலியும், பால் குறையும். தோலில் விலைமிக்க பகுதி முதுகேயாகும். அங்கு விழுந்த துளைகள் பதனிட்ட பின்னும் மறைவதில்லை.

மருந்திடும் காலம்

ஐவர்மெக்டின் என்னும் மருந்து சிறு அளவிலேயே இப்புழுவைக் கொல்லும். ஆயினும், ஈக்களின் பருவம் முடிந்தவுடன், புழு உணவுக்குழலை அடையுமுன்னரே அதனை அளித்தல் வேண்டும். உணவுக்குழலின் சுவரில் புழுக்கள் ஒருங்கே மடிந்தால், அவ்விடம் வீங்கி மாட்டின் வயிறு உப்பக்கூடும். மருந்து பாலிற் கலக்குமாதலால், கறவை மாடுகளுக்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரையின்றி அளித்தலாகாது. கட்டியை முரட்டுத்தனமாகப் பிதுக்குதலும் தவறு. புழு உள்ளேயே நசுங்கினால் கடும் ஒவ்வாமை உண்டாகி மாடு இறக்கவும் கூடும்.

ஊரார் செய்யத்தக்கது

ஒருவர் தம் மாட்டிற்கு மட்டும் மருந்திடுவதால் முழுப்பயன் விளையாது. அண்டை வீட்டு மாட்டினின்றும் விழுந்த புழு மறு ஆண்டில் ஈயாகி வரும். பிரிட்டனில் 1978இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், நாடெங்கும் ஒருசேர நடத்தப்பெற்றமையால், 1990ஆம் ஆண்டளவில் இவ்வகை ஈக்கள் அங்கு ஏறக்குறைய இல்லாதொழிந்தன.

இந்நோய் காணும் ஊர்களில், ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு வீட்டு மாடுகளின் முதுகைத் தடவிப் பார்க்கச் செய்து, கட்டி முதலில் தென்படும் மாதத்தைக் குறித்துவைக்கலாம். களப்பணியாளர் அடுத்த ஆண்டில் மருந்திடும் காலத்தை வகுக்க அக்குறிப்பு பெரிதும் உதவும்.