தோட்டத்தில் பறவைகளுக்கு நீர்த் தாம்பாளம்: தேர்ந்தெடுத்தலும் பராமரித்தலும்

பங்குனி மாதம் பிறந்தது முதல் கோடை மழை நன்றாய்ப் பெய்யும் வரையில், தமிழ்நாட்டின் மானாவாரிப் பிரதேசங்களில் குட்டைகளும் ஓடைகளும் வறண்டு கிடக்கின்றன. கிணற்றில் நீர் இருப்பினும் அது ஆழத்தில் இருப்பதால் பறவைகளுக்கு உதவுவதில்லை. முற்காலத்தில் ஏற்றத்தாலும் கவலையாலும் நீர் இறைத்தபோது, தொட்டியடியிலும் மண் வாய்க்காலிலும் எப்பொழுதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். பறவைகளும் அணில்களும் அதிலே தாகம் தீர்த்துக் கொண்டன. மின்சாரப் பம்பும், பூமிக்கடியிற் செல்லும் குழாயும், சொட்டுநீர்ப் பாசனமும் பரவிய பின்னர் நீர் வீணாவது குறைந்தது. இது விவசாயிக்கு லாபமே. ஆயினும் திறந்த நீர் தோட்டத்தில் இல்லாது போனமையால், பயிருக்கு உதவி செய்யும் பறவைகள் வேறிடம் நாடுகின்றன. இக்குறையை நாளொன்றுக்கு ஒரு குடத்திற்கும் குறைவான நீரைக் கொண்டு நீக்கலாம்.

பறவைகளால் உண்டாகும் நன்மை

எந்தப் பறவை எதைத் தின்கிறது என்பதை இரைப்பையைப் பிளந்து பார்த்து நிச்சயிக்கும் ஆராய்ச்சி நம் தேசத்தில் நெடுநாட்களுக்கு முன்பே நடந்தது. பீஹாரிலுள்ள பூசாவில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி மேசனும் மாக்ஸ்வெல்-லெப்ராயும் எழுதிய நூல் 1912-ம் வருஷத்தில் விவசாய இலாகாவின் வெளியீடாக வந்தது. பயிருக்குச் சத்துருவென்று எண்ணப்படும் பறவைகளிற் சிலவும் ஏராளமான பூச்சிகளைத் தின்கின்றன என்பது இவ்வகை ஆராய்ச்சிகளால் விளங்கிற்று.

மைனா உழவு சாலில் வெளிப்படும் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் பொறுக்கும். கொண்டலாத்தி நீண்ட அலகால் மண்ணைக் குத்திக் கூட்டுப்புழுக்களை எடுக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறிப் பூச்சி தேடும். தானியம் தின்னும் சிட்டுக்குருவியுங்கூடத் தன் குஞ்சுகளுக்குப் புழுக்களையே பெரும்பாலும் ஊட்டுகின்றது. ஆகையால் குஞ்சு வளர்க்கும் காலத்தில் பறவைகளைத் தோட்டத்தில் நிறுத்தி வைப்பது விவசாயிக்கு அனுகூலமாகும்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் மிகும்போது அவை வாய் திறந்து மூச்சு வாங்கி, உடலிலுள்ள ஈரத்தை ஆவியாக்கியே சூட்டைத் தணித்துக் கொள்கின்றன. இதனால் கோடையில் நீர்த்தேவை அதிகரிக்கின்றது. இறகுகளைச் சீராக வைத்துக் கொள்ளக் குளியலும் அவசியமாகும்.

எல்லாப் பறவைகளும் தாம்பாளத்திற்கு வருமென்று எதிர்பார்த்தல் கூடாது. மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, புறா முதலியன எளிதில் வரும். கரிச்சானோ பறந்தபடியே நீரில் மோதி எழும் வழக்கமுடையதாதலால் அகன்ற நீர்நிலையையே விரும்பும். அதற்குப் பயிரினிடையே பறவை தாங்கிகள் நாட்டுதலே தக்க வழி.

பாத்திரம்

விலையுயர்ந்த பாத்திரம் வேண்டுவதில்லை. குயவரிடம் வாங்கும் அகன்ற மண் தாம்பாளமே மிகவும் ஏற்றது. ஒன்றரை அடி விட்டம் போதும். விளிம்பருகில் நீர் அரை அங்குலத்திற்கு மேற்படாமலும், நடுவில் இரண்டு அங்குலத்திற்கு மேற்படாமலும், சரிவாக அமைந்திருத்தல் வேண்டும். சிறு குருவிகள் விளிம்பிலும், புறாவும் மைனாவும் நடுவிலும் இறங்கும். பெரும்பாலான பறவைகள் நீரை மொண்டு தலையை நிமிர்த்தி விழுங்குகின்றன. புறாவோ அலகை நீரில் அமிழ்த்தி ஒரே மூச்சில் உறிஞ்சும். ஆகையால் நடுவில் சிறிது ஆழம் இருப்பது நலம். இவ்வளவு கொண்ட தாம்பாளம் சுமார் நான்கு லிட்டர் நீர் கொள்ளும்.

அடிப்பாகம் சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். வழவழப்பான பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் கால் வழுக்குமாதலால் பறவை இறங்க அஞ்சும். அவற்றையே உபயோகிக்க நேர்ந்தால் கூழாங்கற்களைப் பரப்புக. தகரப் பாத்திரம் வெயிலில் காய்ந்து நீரைச் சுடச் செய்யும். புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் கசியும். அதில் ஒரு வாரம் வரை நாள்தோறும் நீர் நிரப்பிக் கொட்டிய பின்னரே பறவைகளுக்கு வைக்க வேண்டும். பூச்சிமருந்து இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் இதற்கு உபயோகித்தல் ஆகாது.

இடம்

மரநிழலில், ஆனால் எச்சமும் சருகும் நேரே விழாத இடத்தில், இரண்டு மூன்று அடி உயரமுள்ள மேடை அல்லது கற்றூணின் மீது அசையாதபடி வைப்பது நலம். நனைந்த இறகுடன் பறவை விரைந்து பறக்க இயலாது. புதர் ஒட்டியிருந்தால் பூனை பதுங்கிப் பாயும். புதரே இல்லாவிடில் வல்லூறு வந்தபோது ஒளிய இடமிராது. ஆகையால் புதருக்கும் தாம்பாளத்திற்கும் இடையே ஏழெட்டு அடி தூரம் இருக்குமாறு பார்த்துக் கொள்ள வேண்டும். மருந்து தெளிக்கும் வயலின் காற்றுவாக்கிலும், தெளிப்பான் கழுவும் இடத்தருகிலும் வைத்தல் கூடாது.

சொட்டுநீர்க் குழாய்களை அணில் கடித்துத் துளைப்பது பல தோட்டங்களில் காணும் தொல்லை. தரையோடு மற்றொரு தாம்பாளம் வைத்தால் இத்தொல்லை குறைவதுண்டு. முற்றிலும் நின்றுவிடுமென நம்பிக் குழாய்களைக் கவனியாதிருத்தல் தவறு. அவ்வாறே, நீர் வைத்ததனால் கிளிகள் கொய்யாவையும் சோளத்தையும் விட்டுவிடும் என்றும் எண்ணலாகாது.

கொசுவும் சுத்தமும்

பராமரிப்பில் தலையாயது இதுவே. கவனியாது விட்ட தாம்பாளத்தைக் காட்டிலும் தாம்பாளம் இல்லாதிருப்பதே மேல். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டி வைக்கின்றது. வெப்பமான காலத்தில் முட்டை பொரிந்து கொசுவாக வெளிவரச் சுமார் ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். முட்டைகளோ நீரின்றிக் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்க வல்லவை. எனவே நீரைக் கொட்டி வெயிலில் கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது. தேங்காய் நாராலோ கெட்டித் தூரிகையாலோ உட்சுவர் முழுவதையும் விளிம்பு வரையில் அழுந்தத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

நாள்தோறும் காலையில் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புக. வாரத்தில் இரண்டு முறை தேய்த்துக் கழுவுக. இரண்டு தாம்பாளங்கள் வைத்துக் கொண்டு, தேய்த்த ஒன்று வெயிலிற் காயும்போது மற்றதை உபயோகித்தல் சௌகரியம். பாசியைப் போக்க மயில்துத்தமும், கொசுவைத் தடுக்க மண்ணெண்ணெயும் இடுதல் கூடாது. அவை பறவைகளுக்குக் கேடு செய்யும். நாரும் நீருமே போதுமானவை. வெளியூர் செல்ல நேரிட்டால், கவனிக்க ஆளில்லாவிடில், தேய்த்துக் கவிழ்த்து விட்டுச் செல்ல வேண்டும்.

கோழி வளர்ப்போருக்கு

வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கேத் நோயையும் வேறு சில நோய்களையும் புறா முதலிய பறவைகள் எச்சத்தின் மூலம் கொண்டுவரக் கூடும். ஆகையால் கோழிக் கொட்டகைக்கு அருகில் தாம்பாளம் வைத்தலும், கோழிகளை அதில் குடிக்க விடுதலும் தகா. கோழிகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதை இதனால் தளர்த்தலும் கூடாது. தாம்பாளத்தருகே பறவைகள் சோர்ந்தோ செத்தோ கிடந்தால், வெறுங்கையால் தொடாமல், உடனே நீரைக் கொட்டித் தாம்பாளத்தைக் கழுவி எடுத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆழமான தொட்டிகள்

பம்பு செட்டின் சிமெண்டுத் தொட்டிகளில் சுவர் செங்குத்தாகவும் நீர் தாழ்ந்தும் இருந்தால், குடிக்க வந்த பறவைகளும் அணில்களும் ஏற வழியின்றி மூழ்கி இறக்கும். அதனால் நீரும் கெடும். ஒரு சொரசொரப்பான பலகையைத் தொட்டியடியிலிருந்து விளிம்பு வரை சாய்த்து வைத்தால் அவை ஏறித் தப்பும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பள்ளிக்கூடம், கோவில் நந்தவனம், ஊராட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் கோடையில் பலர் தாம்பாளம் வைக்கின்றனர். மழை தொடங்கியதும் அதனை மறந்துவிடுகின்றனர். கொசு பெருகுவது அப்பொழுதே. எனவே ஒவ்வொரு தாம்பாளத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, தேய்க்கும் கிழமைகளையும் குறித்து வைத்தல் நலம். பொறுப்பேற்க ஆளில்லாத இடத்தில் வைக்க வேண்டாம். கொசு ஒழிப்புப் பணியாளர் வரும்போது இத்தாம்பாளங்களையும் காட்டுதல் வேண்டும். பத்துத் தாம்பாளங்களை வைத்துக் கவனியாது விடுவதினும், இரண்டை வைத்துச் சுத்தமாகக் காப்பதே ஊருக்கும் பயிருக்கும் நன்மை பயக்கும்.