அபினும் கூலியும்

போதைப் பொருளுக்கு அடிமைப்பட்ட ஒருவனைக் காணுங்கால், 'மனவுறுதி இல்லாதவன்' என்று இகழ்ந்து அகல்வது உலகியல்பு. அக்கூற்றில் உண்மை சிறிது உண்டு, முழுவதும் இல்லை. ஒரே தொழிலைச் செய்து, ஒரே தெருவில் உறங்கிய பல்லாயிரவர் ஒருங்கே மனவுறுதி இழந்தனர் எனின், அதற்குக் காரணத்தை அவர்தம் நெஞ்சில் மட்டும் தேடுதல் பொருந்துமோ? கள்ளுண்ணாமையைப் பாடிய வள்ளுவர், அவ்வதிகாரத்தை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமை ஈண்டு நினையத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நிகழ்ந்தவை இதனைத் தெளிவாக்கும்.

அந்நாடுகளிற் புகைக்கப்பட்ட அபினிற் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்ததாகும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1773இல் வங்காளத்து அபின் வாணிகத்தைத் தமக்கே உரிய தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். பீகாரிலும் காசியைச் சூழ்ந்த பகுதிகளிலும் உழவர்கள் முன்பணம் பெற்றுக் கசகசாச் செடியைப் பயிரிட்டனர். விலையை வரையறுத்தவர் உழவர் அல்லர், கம்பெனியாரே. பாட்னாவிலும் காசீப்பூரிலும் இருந்த ஆலைகளில் அதன் பால் உருண்டைகளாகத் திரட்டப்பட்டு, கசகசாப் பூவின் இதழ்களால் பொதியப்பெற்று, பெட்டிகளில் அடுக்கப்பட்டது. கல்கத்தாவில் ஏலம் எடுத்த வணிகர், அதனைச் சீனத்திற்கும் வழியிலுள்ள துறைமுகங்களுக்கும் கப்பலேற்றினர்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் 1819இல் துறைமுகம் அமைத்தனர். கப்பல்களை ஈர்க்கும் பொருட்டுச் சுங்கவரி வாங்காது விட்டமையால், அரசுக்கு வேறு வருவாய் வேண்டியிருந்தது. ஆகவே அபினைக் காய்ச்சி விற்கும் உரிமையைச் செல்வர்க்குக் குத்தகையாக விட்டனர். அந்நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி இக்குத்தகையினின்றே வந்தது. சாலையும் பாலமும் எழுந்தது இப்பணத்தால் என்று எண்ணும்போது நெஞ்சு துணுக்குறுகின்றது.

அபினை வாங்கியவர் யாவர்? தென்சீனத்தின் வறுமைக்கு அஞ்சிக் கப்பற்கூலியையும் கடனாகப் பெற்று வந்த கூலியாட்களே பெரும்பாலோர். பெற்றோரும் மனைவி மக்களும் கடலுக்கப்பால் இருந்தனர். பகலெல்லாம் வெள்ளீயச் சுரங்கத்தில் மண் சுமந்தவனும், கொளுத்தும் வெயிலில் மனிதரை ஏற்றி ரிக்‌ஷா இழுத்தவனும், இரவில் காற்றுப் புகாத சிற்றறையிற் பலரோடு நெருங்கிப் படுத்தனர். தோள்நோவு, இருமல், வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும் மருந்து அவர்களுக்கு எட்டிய விலையில் ஒன்றே இருந்தது. வண்டியிழுப்பவன் மறுநாளும் வண்டி இழுப்பதற்காகவே அதனைப் புகைத்தான். நாளடைவில் அதனைப் புகைப்பதற்காகவே வண்டி இழுத்தான்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அபின் குத்தகை எடுத்த செல்வர் சிலர் சுரங்கங்களுக்கும் முதலீட்டாளராய் இருந்தனர். அவர்கள் வலக்கையாற் கொடுத்த கூலி, அபின் விலையாக இடக்கைக்கே மீண்டது. கையிற் காசில்லாதவனுக்கு அபின் கடனாகவும் கிடைத்தது. கடன் தீருமளவும் அவன் ஊர் திரும்ப இயலாது. உழைப்பவன் தெளிந்த அறிவோடு பொருள் சேர்த்து ஊர் சென்றிருப்பின், இழப்பு யாருக்கு என்பதை மாணவர்கள் தாமே உய்த்துணரலாம்.

1910இல் குத்தகை முறை ஒழிந்தது. ஆயின் அபின் ஒழியவில்லை. அதன்பின் அரசே காய்ச்சி விற்றது. 1933இல் மருத்துவர் சென் சூ லான் சிங்கப்பூரில் அபின் அடிமைகளுக்கென மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்து அரும்பணி ஆற்றினார். அங்கே உடல் தேறி வெளியே வந்தவனை எதிர்கொண்டவையோ, அதே வண்டியும், அதே இருட்டறையும், அதே அபின் கடையுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அங்கு அபின் புகைத்தல் முற்றிலும் தடுக்கப்பட்டது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழ் மக்களுக்கு அபினின் இடத்தில் கள் நின்றது. பால் வெட்டிக் களைத்தவன் குடியிருப்புக்குத் திரும்பும் வழியிலேயே தோட்டத்துக் கள்ளுக்கடை இருந்தது. கடை இல்லையேல் அவர்கள் கள்ளச் சாராயத்தை நாடுவர் என்று துரைமார் வாதிட்டனர். ஆனால் 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகட்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, பெண்டிரின் மானத்திற்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவுக்கு முடிவு என்பன. இவற்றோடு ஒருங்கே, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர்! குடிப்பவர் என்று இகழப்பட்டவரே கேட்டனர்.

அரசு படையைக் கொண்டு அப்போராட்டத்தை ஒடுக்கியது. கள்ளுக்கடைகள் போருக்குப் பின்னும் நிலைத்திருந்தன. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில், 'தொண்டர் படை' என்னும் பெயரால் திரண்ட தமிழ் இளைஞர்கள் அக்கடைகளின் வாயிலில் நின்று மறியல் செய்தனர்.