முதலில் முன் சைட்டைப் பாருங்கள்

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதில் ஸ்கோப் மாட்டலாமா?" என்றுதான். மாட்டலாம். எப்போது, எதற்காக என்று தெரிந்துகொண்டு மாட்ட வேண்டும். புதிதாகச் சுடக் கற்கும் பிள்ளைகளுக்கும், ஆர்வத்தோடு வரும் பெரியவர்களுக்கும் நான் சொல்லிவரும் அறிவுரைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது பேரலை மடக்கி லோடு செய்யும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிள். அதை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

1. எதற்காகச் சுடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

போட்டிதான் குறிக்கோள் என்றால் விடை எளிது. சர்வதேச 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது பீப் சைட்டின் சிறு துளை வழியாகப் பார்த்துத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அப்படித்தான். அந்தப் போட்டியின் குறி அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. உருப்பெருக்கும் கண்ணாடி இல்லாமலேயே அதை அடிக்கிறார்கள். நம் நாட்டில் தொடக்க நிலைப் போட்டிகளில் ஓபன் சைட்டுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. அங்கிருந்து பீப் சைட்டுக்குப் போவது இயல்பான அடுத்த படி.

2. தொடக்கத்தில் ஓபன் சைட்டோடு பழகுங்கள்.

இதுதான் என் முக்கியமான அறிவுரை. பின் சைட்டின் வெட்டில் முன் சைட் நடுவாக நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கண் முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்க, குறி சற்று மங்கலாகத் தெரிவதே சரி. குறியைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டு முன் சைட்டை மங்க விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

3. அந்தப் பிழையின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் மங்கலாகத் தெரிவதால் நமக்குத் தெரியாமலே அது வெட்டின் நடுவிலிருந்து அரை மி.மீ. விலகினால், 10 மீட்டரில் பெல்லட் 12.5 மி.மீ. தள்ளி விழும். சைட்டுகள் நேராக இருந்து ரைபிள் முழுவதும் குறியில் 5 மி.மீ. தள்ளி நின்றாலோ, தவறும் அந்த 5 மி.மீ. அளவுதான். ஆகவே கை லேசாக ஆடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சைட்டுகள் ஒன்றோடொன்று நேராக நிற்கின்றனவா என்பதில் கவனத்தை வையுங்கள்.

4. ஸ்கோப் குறியைப் பெரிதாக்கும், சுடுபவரைத் திருத்தாது.

ஸ்கோப்பில் கை ஆடுவதும் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி, குறுக்குக்கோடு நடுவைக் கடக்கும் நொடியில் விசையை வெடுக்கென்று இழுப்பார்கள். பெல்லட் எங்கோ போகும். விசையை மெதுவாக, நேராகப் பின்னோக்கி அழுத்துவதும், சுட்ட பிறகும் பார்வையை எடுக்காமல் ஒரு கணம் நிற்பதும் எந்தச் சைட்டுக்கும் பொது. அவை கைவந்த பிறகு ஸ்கோப் மாட்டினால்தான் அதன் பயன் முழுதாகக் கிடைக்கும்.

5. ஸ்பிரிங் ரைபிளின் உதறலை அறிந்துகொள்ளுங்கள்.

பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும்; பிஸ்டன் முனையில் நின்றதும் முன்னால் இழுக்கும். பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்பின் உட்பாகங்கள் இந்த இருபக்க உதறலில் தளர்ந்துவிடும். ஸ்கோப்பைப் பொருத்தும் மவுண்டும் ரைபிளின் ரெயிலில் மெல்ல மெல்ல நகரும். ஸ்கோப் வாங்கினால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று உறுதி செய்துகொண்டு, நகராமல் தடுக்கும் ஸ்டாப் உள்ள மவுண்டோடு வாங்குங்கள். ரைபிளை இறுகப் பிடித்து உதறலை அடக்க முயலாதீர்கள். முன்கை வெறுமனே தாங்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்கட்டும்.

6. பேரல் மடங்கும் ரைபிளில் ஓபன் சைட்டுக்கு ஒரு தனி நன்மை உண்டு.

பல மாடல்களில் முன் சைட்டும் பின் சைட்டும் பேரலோடு சேர்ந்த பகுதியிலேயே இருக்கும். மூடும்போது பேரல் மயிரிழை தாழ்ந்து அமர்ந்தாலும் சைட்டுகளும் கூடவே தாழும், குறி மாறாது. ஸ்கோப் இருப்பதோ பின்னால் சிலிண்டரின் மேல். பேரல் சற்றே மாறி அமர்ந்தாலும் பெல்லட் விழும் இடம் மாறும். கடையில் பார்க்கும்போது பின் சைட் எதன்மேல் இருக்கிறது என்று கவனியுங்கள். பேரலைத் திறந்து மூடி, ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. ஸ்கோப் தேர்வு செய்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கிட்டத்தில் தெளிவு. பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்பில் தெளிவு பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். 10 மீட்டரில் குறி மங்கும், கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடும் நகர்ந்ததுபோலத் தோன்றும். முன்கண்ணாடியைத் திருகி 10 மீட்டருக்குத் தெளிவாக்கும் வசதி அவசியம். இரண்டாவது, உயரம். ஸ்கோப் பேரலுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. மேலே இருக்கும். ஆகவே தூரம் மாறினால் பெல்லட் விழும் உயரமும் மாறும். ஒரு தூரத்துக்குச் சரிசெய்தது எல்லாத் தூரத்துக்கும் பொருந்தாது. மூன்றாவது, கிளிக் கணக்கு. 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் ஒரு கிளிக், 10 மீட்டரில் ஏறக்குறைய 0.7 மி.மீ. மட்டுமே நகர்த்தும். 15 மி.மீ. தள்ளி விழுந்தால் இருபது கிளிக்குக்கு மேல் திருக வேண்டும். "எவ்வளவு திருகினாலும் மாறவில்லை" என்று பயப்பட வேண்டாம்.

8. சைட்டைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

ஒரு பெல்லட் தவறியதும் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். கூட்டம் சிதறியிருந்தால் பிழை பெரும்பாலும் பிடியிலோ விசையிலோ இருக்கும்; நெருக்கமாக விழுந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால்தான் சைட்டைத் திருத்த வேண்டும். ஓபன் சைட்டில் பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

9. சிலருக்கு முதல் நாளே ஸ்கோப் பொருந்தும்.

நாற்பதைத் தாண்டிய பலருக்குக் கிட்டப் பொருள் தெளிவாகத் தெரியாது. வெட்டும் முன் சைட்டும் கலங்கும். அவர்கள் பீப் சைட்டை முயலலாம், இல்லையேல் ஸ்கோப் மாட்டிக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. சைட்டே இல்லாமல் வரும் ரைபிள்களும் உண்டு; அழுத்தக் காற்றில் இயங்கும் பல பிசிபி மாடல்கள் அப்படித்தான். அவற்றுக்கு ஸ்கோப்பே வழி. உதறல் மிகக் குறைவு என்பதால் அது நெடுநாள் உழைக்கும்.

10. எந்தச் சைட்டானாலும் பாதுகாப்பு முதலில்.

லோடு ஆகவில்லை என்று தெரிந்தாலும் ஆளை நோக்கி நீட்டாதீர்கள். விசையில் விரல் வைப்பது சுடும் கணத்தில் மட்டும். பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கக்கூடியது. குறிக்குப் பின்னால் அதை நிறுத்தும் தடுப்பு இல்லாமல் சுடாதீர்கள். ஸ்கோப் வழியே குறி மட்டுமே தெரியும், பக்கத்தில் வரும் குழந்தை தெரியாது. ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்துச் சுற்றிலும் பாருங்கள். கண்பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கிளி, மைனா போன்ற பறவைகளைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லையென்றாலும் அது செய்யத்தகாத செயல். நம் விளையாட்டுக்கு அட்டை போதும்.

ஆகவே, பார்வை நன்றாக உள்ளவர்கள் ஸ்கோப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் நல்ல பெல்லட்டும் அட்டைகளும் வாங்குங்கள். பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் திரும்பத் திரும்ப விழும்வரை ஓபன் சைட்டோடு இருங்கள். அதற்குப் பிறகும் ஸ்கோப் வேண்டுமென்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள். அப்போது அதை எதற்காக வாங்குகிறோம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.