தேய்மானம் சொல்லும் செய்தி

நுழையும்முன்

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்பதும் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்பதும் நாம் அன்றாடம் கேட்கும் குறைகள். பலர் உடனே புதிய டயர் வாங்குகின்றனர்; சில திங்களில் அதுவும் அவ்வாறே தேய்கிறது. விளைவிலிருந்து காரணத்தைத் தேடிச் செல்லும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திண்டுக்கல்லிலிருந்து புறப்படும் சாலைகள் ஒரே தன்மையன அல்ல. மதுரைக்கும் கரூருக்கும் செல்லும் நான்குவழிச் சாலை சமவெளியில் நெடுந்தொலைவு நேராக ஓடுகிறது. சிறுமலைக்கு ஏறும் சாலையோ 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்வோர், வீடுதோறும் பால் ஊற்றுவோர், நூற்பாலைக்கு வேலைக்குச் செல்வோர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வண்டியைப் பயன்படுத்துகின்றனர். ஆதலால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு டயர்கள் ஓராண்டுக்குப்பின் இரண்டு விதமாகத் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. தரையோடு டயர் பொருந்துமிடம் நம் உள்ளங்கை அளவுகூட இராது. ஓட்டுபவரின் உயிர் அவ்வளவு சிறிய இடத்தையே நம்பியிருக்கிறது.

தேய்ந்த விதம்

டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாக இருந்திருக்கலாம்; அன்றி, வண்டி நேரான நெடுஞ்சாலையிலேயே பெரிதும் ஓடியிருக்கலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்திருந்தால், காற்றுக் குறைவையே முதலில் ஐயுற வேண்டும். முன்சக்கரத்தைத் தடவும்போது மேடும் பள்ளமும் மாறிமாறித் தட்டுப்பட்டால், அதிர்வுதாங்கி தளர்ந்திருக்கலாம்; கோன்செட் தேய்ந்திருக்கலாம். இதனைக் கண்ணுக்கு முன்னரே கை அறிந்துவிடும்.

ஒரு பக்கத் தேய்மானமே நம்மைக் குழப்புவது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரங்களைச் சரிவாக அமைப்பர். நாம் இடப்புறமாகச் செல்வதால் சக்கரத்தின் கீழுள்ள தரை இடப்பக்கம் தாழ்ந்திருக்கும். வண்டி நிமிர்ந்து செல்லும்போது, தரை உயர்ந்துள்ள வலப்பக்கமே டயரில் மிகுதியாக அழுந்தும். எனவே வலப்பக்கம் சற்றே கூடுதலாகத் தேய்வது இயல்பு. ஒரு பக்கம் வழுவழுப்பாகி மறுபக்கம் புதிதுபோல் இருந்தால் அது சாலையின் குற்றமன்று.

இழுப்பின் காரணம்

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதே முறை. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் பத்துக் கல் ஓடி வந்த டயர் காட்டும் அளவு, உண்மை அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். உரிய அளவு வண்டியின் கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய சீட்டிலோ இருக்கும். அடுத்தது சுமை. இருபுறமும் பால் கேன்களுடன் புறப்படுபவர், ஒரு பக்கத்துக் கேனை முதலில் காலிசெய்துவிட்டு மறுபக்கச் சுமையுடன் எஞ்சிய தெருக்களைச் சுற்றினால், வண்டி சுமையின் பக்கம் சாயத்தான் செய்யும். அதற்கு மருந்து கேன்களை மாற்றி மாற்றிக் காலிசெய்வதே.

இவ்விரண்டும் சரியாயின் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். என் கருத்தில், மிகுதியாகக் கவனிக்கப்படாத இடம் இதுவே. தொய்ந்த செயினை இறுக்கும்போது அச்சின் இருபுறத் திருகுகளையும் ஒரே அளவு திருப்புதல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் திருகினால், சக்கரம் வண்டியின் போக்கிலிருந்து விலகி வேறொரு திசையை நோக்கும். சக்கரத்தைத் தாங்கும் இரு கரங்களிலும் பொறித்துள்ள கோடுகளை ஒப்பிட்டால் இது புலப்படும்.

ஐயம் தீராவிடில், கொத்தனார் சுவருக்குச் செய்வதுபோல் நூல் பிடித்துப் பார்க்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் தரைக்குச் சற்று மேலே, டயரின் பக்கங்களை ஒட்டி, முன்சக்கரத்தைத் தாண்டி இழுக்க வேண்டும். முன்டயர் ஒடுக்கமாக இருப்பின், அதன் இருபுறமும் நூலுக்குள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சமமில்லையேல் சக்கரங்கள் ஒரு நேர்கோட்டில் இல்லை. ஓட்டிப் பார்ப்பது உரிமம் பெற்றவர் வேலை. நூல் பிடிப்பதை மாணவரும் செய்யலாம்.

ஒருமுறை கீழே விழுந்த வண்டியில் முன்கவை திருகியிருக்கக்கூடும். வண்டி நேராகச் செல்லும்போதும் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பியிருப்பது இதன் அறிகுறி. இது பணிமனையில் சரிசெய்ய வேண்டியது. சட்டகமே வளைந்திருந்தால் அத்தகைய வண்டியைச் சிறுமலை வளைவுகளில் இறக்குவது தீங்கை விலைக்கு வாங்குவதாகும்.

காரணத்தை நீக்கியபின் டயரை மாற்றுவதா வேண்டாமா என்பதை அளவே கூறும். இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது இந்திய மோட்டார் வாகன விதி. பள்ளங்களின் அடியில் உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்

சக்கரம் வளைந்திருப்பதை மிதிவண்டிக் கடைகளில் ‘கோட்டம்’ என்பர். அதை நிமிர்த்துவது ‘கோட்டம் எடுத்தல்’. வளைவைக் குறிக்கும் இப்பழஞ்சொல் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளது.

காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்டு டன்லப், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர். தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்காகவே அதனை முதலில் செய்தார்.

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவில் உள்ள ஐந்து வண்டிகளின் டயர்களைப் பார்த்து, அவை தேய்ந்த விதத்தையும் அவ்வண்டிகள் செல்லும் சாலை, சுமக்கும் சுமை ஆகியவற்றையும் அட்டவணைப்படுத்துக.

அருகிலுள்ள பணிமனைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்கள் பத்தினைப் பொருளுடன் தொகுத்து வருக.